12 லட்சம் வரை வரி இல்லை என்பது பாதிச் செய்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை’ என்று 2025 பிப்ரவரியில் நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன. அந்தச் சலுகை முதன்முதலாகக் கணக்கில் ஏறுவது இந்த ஆண்டு தாக்கல் செய்யும் படிவத்தில்தான். அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை வந்த வருமானத்துக்கு. தலைப்பு மட்டும் நினைவில் தங்கி, மீதி மறந்துவிட்டதால் வரும் குழப்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல. வரிக் கணக்குகளோடு நாள்தோறும் புழங்குகிறவன் என்ற முறையில் சில விவரங்களை உங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், 12 லட்சம் என்பது விலக்கு வரம்பு அல்ல. வரி கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு; இந்தச் சலுகை புதியதில்தான். அந்தப் புதிய வரி முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம், 16 லட்சம் வரை 15, 20 லட்சம் வரை 20, 24 லட்சம் வரை 25, அதற்கும் மேல் 30 சதவீதம். 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கு முதல் படியில் 20,000, அடுத்த படியில் 40,000 என்று 60,000 ரூபாய் வரி விழத்தான் செய்கிறது. விழுந்த வரியை 87ஏ பிரிவின் கீழ் அரசு தள்ளுபடி செய்கிறது, அவ்வளவுதான். விலக்குக்கும் தள்ளுபடிக்கும் என்ன வித்தியாசம், கடைசியில் பூஜ்யம்தானே என்று தோன்றலாம். விலக்குக்கு நிபந்தனை கிடையாது, தள்ளுபடிக்கு உண்டு. சிக்கல்கள் எல்லாம் அந்த நிபந்தனைகளில்தான் இருக்கின்றன.

மாதம் 75,000 ரூபாய் சம்பளக்காரரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9 லட்சம்; வரி பூஜ்யம்; நிறுவனமும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. அவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா? கட்டாயம் செய்ய வேண்டும். தாக்கல் செய்யும் கடமை 4 லட்சத்தைத் தாண்டியதும் வந்துவிடுகிறது. தள்ளுபடி கிடைப்பதால் அது போய்விடாது. விட்டுவிட்டால் பிற்பாடு 234எஃப் பிரிவின் கீழ் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. வரியே இல்லாதவர் 5,000 ரூபாய் கட்டுவது வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் சிலர் தப்ப முடியாது. ஆண்டில் பிடிக்கப்பட்ட டி.டி.எஸ். (பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி), டி.சி.எஸ். (விற்பவர் வசூலிக்கும் வரி) சேர்த்து 25,000 ரூபாயை (60 வயது ஆனவர்களுக்கு 50,000) எட்டியவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள், மின் கட்டணம் 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர்கள், சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டவர்கள் எல்லோரும் தாக்கல் செய்தாக வேண்டும்.

அடுத்தது, தள்ளுபடி எந்த வரிக்குக் கிடைக்கும் என்ற கேள்வி. மேலே சொன்ன படிநிலை விகிதத்தில் கணக்கிட்ட வரிக்கு மட்டும்தான். பங்குகளையும் பங்குசார் மியூச்சுவல் ஃபண்டுகளையும் விற்ற ஆதாயத்துக்குத் தனி விகிதம் இருக்கிறது. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். இந்த வரியைத் தள்ளுபடி தொடாது. ஓய்வூதியர் ஒருவருக்கு ஆண்டில் 8,75,000 ரூபாய் பென்ஷன் என்று வையுங்கள். நிலையான கழிவு 75,000 போக 8 லட்சம். அவரே நெடுநாள் வைத்திருந்த பங்குகளை விற்று 3,25,000 ரூபாய் லாபம் பார்த்திருக்கிறார். மொத்தம் 11,25,000, 12 லட்சத்துக்குள்தான். பென்ஷனுக்கான வரி 20,000 ரூபாய் முழுதும் தள்ளுபடி. பங்கு லாபத்தில் 1.25 லட்சம் போக 2 லட்சத்துக்கு 25,000 ரூபாய் வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் தீர்வை) 1,000, ஆக 26,000 ரூபாய் அவர் கட்ட வேண்டும். ‘12 லட்சத்தைத் தாண்டவில்லையே’ என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில்தான் அவருக்குப் பிடிக்காது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வரியில்லாத அந்த 1.25 லட்சம், மொத்த வருமானத்திலிருந்து கழிவதில்லை. அதற்கான வரி மட்டும்தான் பூஜ்யம். ஆகவே சம்பளம் கழிவு போக 11 லட்சம், பங்கு லாபம் 1.2 லட்சம் என்றால் மொத்தம் 12.2 லட்சம் ஆகி, முழுத் தள்ளுபடிக்கான எல்லையைத் தாண்டிவிடுகிறது. மார்ச் மாதக் கடைசியில் ‘1.25 லட்சம் வரை வரியில்லாமல் லாபத்தை எடுத்துவிடலாம்’ என்று அறிவுரை கேட்டுப் பங்கு விற்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளின் (கடன் பத்திரங்களில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்டுகள்) லாபம் மட்டும் சாதாரண வருமானத்தோடு சேர்ந்து படிநிலை விகிதத்தில் வருவதால், அதற்குத் தள்ளுபடி உண்டு.

12.75 லட்சம் என்ற இன்னோர் எண்ணும் புழக்கத்தில் இருக்கிறது. அது சம்பளக்காரருக்கும் பென்ஷன்தாரருக்கும் மட்டும். 75,000 நிலையான கழிவு அவர்களுக்குத்தான். கடை வைத்திருப்பவருக்கும் வாடகை, வட்டியில் வாழ்பவருக்கும் 12 லட்சமேதான். கணவர் இறந்தபின் மனைவி வாங்கும் குடும்ப பென்ஷனைச் சம்பளப் பகுதியில் எழுதி 75,000 கழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வர வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத்தான் புதிய முறையில் கழிக்கலாம். பழைய முறையில் 15,000 தான் உச்சம்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வீட்டு வாடகை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: வருமான வரிச் சட்டப்படி ‘இந்தியாவில் வசிப்பவர்’ என்ற நிலை உள்ளவருக்கு மட்டுமே 87ஏ தள்ளுபடி. வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கிடையாது. 30 சதவீதக் கழிவு போக வாடகை வருமானம் 6 லட்சம் என்றால் உள்ளூர்க்காரருக்கு வரி பூஜ்யம், அவருக்கு 10,000 ரூபாயும் 400 ரூபாய் செஸ்ஸும். மென்பொருளில் வசிப்பு நிலையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் தள்ளுபடி தானாக விழுந்துவிடும். நோட்டீஸ் பிறகு வரும்.

‘எனக்கு 12, மனைவிக்கு 12, ஆக 24 லட்சம்’ என்று கணக்குப் போட்டு மனைவி பெயரில் டெபாசிட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கணவர் கொடுத்த பணத்தில் போட்ட டெபாசிட்டின் வட்டி கணவர் வருமானத்தோடுதான் சேரும். அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்து வரும் வட்டிதான் மனைவியுடையது. மனைவிக்குச் சொந்தச் சம்பாத்தியமோ பிறந்த வீட்டுச் சொத்தோ இருந்தால் சிக்கலில்லை.

12 லட்சத்தைச் சிறிது தாண்டியவர்கள் பதற வேண்டாம். 12,10,000 ரூபாய்க்குப் படிநிலைக் கணக்கில் வரி 61,500. ஆனால் கூடுதலாக வந்த 10,000-க்கு மேல் வரி வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆடிட்டர்கள் இதை மார்ஜினல் ரிலீஃப் என்பார்கள். ஆகவே 10,000 ரூபாயும் செஸ் 400-உம் கட்டினால் போதும். இந்தச் சலுகை ஏறத்தாழ 12,70,600 வரை ஓடும். அதற்குப் பிறகு முழு வரி.

இனி, பழைய முறையா புதிய முறையா என்பது. பழைய முறையில் எந்த மாற்றமும் இல்லை. 2.5 லட்சம் விலக்கு, 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30, நிலையான கழிவு 50,000 என்று அப்படியே நிற்கிறது. புதிய முறையின் படிகள் இறங்கிவிட்டதால், பழையது லாபம் தர வேண்டுமானால் கழிவுகள் மலைபோல் இருக்க வேண்டும். 15 லட்சம் சம்பளக்காரருக்குப் புதிய முறையில் வரி செஸ் உட்பட 97,500. பழைய முறையில் இதே தொகைக்கு வர, நிலையான கழிவு நீங்கலாக 5,43,750 ரூபாய்க்குக் கழிவுகள் காட்ட வேண்டும். 80சி-யில் (காப்பீடு, பி.பி.எஃப். போன்ற சேமிப்புக்கான கழிவு) 1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000 எல்லாம் முழுதாகப் போட்டாலும் 4.25 லட்சம்தான் ஆகிறது. மீதி 1,18,750-க்கு வீட்டு வாடகைப் படி விலக்கு வந்தால்தான் சமம். சொந்த வீட்டுக் கடன் வட்டியையும் வீட்டு வாடகைப் படியையும் சேர்த்துக் காட்டக்கூடியவர்கள் சிலர்தான். 24,75,000 சம்பளத்தில் இந்தச் சமநிலை 8 லட்சத்துக்குப் போய்விடுகிறது. 12,75,000 சம்பளத்தில் பழைய முறையில் வரி பூஜ்யமாக வேண்டுமானால் நிலையான கழிவு போக இன்னும் 7.25 லட்சம் கழிக்க வேண்டும். என் கருத்தில், பெருநகரத்தில் பெரிய வாடகை கொடுத்து, அதோடு சொந்த ஊரில் கடன் வீடும் வைத்திருப்பவர் தவிர மற்றவர்கள் பழைய முறைக்காக மெனக்கெடுவது வீண்.

ஆனாலும் புதிய முறையில் எதுவுமே கழியாது என்ற எண்ணமும் தவறு. நிறுவனம் தன் பங்காக என்.பி.எஸ்.-ஸில் போடும் தொகை, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி சேர்ந்ததில் 14 சதவீதம் வரை கழியும். பணிக்கொடைக்கும் ஓய்வுபெறும்போது வரும் விடுப்புச் சம்பளத்துக்கும் உள்ள விலக்கு அப்படியே உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு, கட்டிய சொத்து வரியும் 30 சதவீதமும் கடன் வட்டியும் கழியும்; நஷ்டம் வந்தால் மட்டும் சம்பளத்தில் கழிக்க முடியாது. 80சி, 80டி (மருத்துவக் காப்பீடு), நன்கொடை, மூத்த குடிமக்களின் வட்டிக்கான 50,000 கழிவு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி ஆகியவை கிடையாது.

பழைய முறைதான் வேண்டும் என்பவர்கள் தேதியில் உஷாராக இருக்க வேண்டும். இப்போது புதிய முறைதான் இயல்பானது; நீங்கள் வாய் திறக்காவிட்டால் அதில்தான் கணக்கு ஓடும். தொழில் வருமானம் இல்லாதவர்கள் படிவத்திலேயே பழையதைத் தேர்ந்தெடுக்கலாம், ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும் அது டி.டி.எஸ். பிடிப்பதற்கு மட்டும்தான், தாக்கலில் வேறு முறைக்கு மாறத் தடையில்லை. ஆனால் உரிய கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளம், பென்ஷன், வாடகை, மூலதன ஆதாயம் உள்ளவர்களுக்கு அது ஜூலை 31. ஆகஸ்ட் 1-ஆம் தேதி தாக்கல் செய்தால் பழைய முறை கைநழுவிவிடும். 6 லட்சம் கழிவு இருந்தாலும் புதிய முறையில்தான் வரி. தாமதக் கட்டணம் 5,000 என்று நினைத்தவருக்கு உண்மையான இழப்பு பல மடங்கு ஆகிவிடுவது இப்படித்தான். தொழில் அல்லது தொழில்முறை வருமானம் உள்ளவர்கள் கெடுவுக்குள் படிவம் 10-ஐஇஏ தனியாகக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒருமுறை பழையதற்குப் போய்ப் புதியதற்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

பழைய முறையில் கழிவு கேட்பவர்களிடம் கடந்த ஆண்டிலிருந்தே படிவம் விவரங்களைத் துருவுகிறது. வெறுமனே 1,50,000 என்று எழுதிவிட முடியாது. காப்பீட்டு பாலிசி எண், பி.பி.எஃப். கணக்கு எண், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண், கடன் வாங்கிய தேதி எல்லாம் கேட்கும். இவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் பீரோவுக்கும் கணினிக்கும் நடந்தே பொழுது போகும். ‘ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்று சொல்லி, இல்லாத கட்சி நன்கொடையை எழுதும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். ஒப்பம் உங்களுடையது, நோட்டீஸும் உங்களுக்குத்தான்.

இந்த ஆண்டின் பெரிய குழப்பத்துக்கு இப்போது வருகிறேன். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 23 அத்தியாயங்கள், 536 பிரிவுகள். எண்கள் எல்லாம் மாறிவிட்டன: 80சி இருந்த இடத்தில் 123, புதிய வரி முறையைச் சொல்லும் 115பிஏசி இருந்த இடத்தில் 202. ஆனால் இப்போது தாக்கல் செய்யும் கணக்கு 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கானது. அதற்குப் பழைய 1961 சட்டம்தான் பொருந்தும். ஆகவே இந்தத் தாக்கலில் 80சி 80சி-யாகவே இருக்கும். புதிய பிரிவு எண்களை மனப்பாடம் செய்யும் அவசரம் இப்போது யாருக்கும் இல்லை.

ஆண்டின் பெயர்தான் ஆளைக் கவிழ்க்கும். பழைய சட்டத்தில் வருமானம் வந்த ஆண்டு ஒன்று, அதை மதிப்பிடும் ஆண்டு அடுத்தது. 2025-26-இல் வந்த வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. புதிய சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்பதே இல்லை. வருமானம் வரும் ஆண்டே ‘வரி ஆண்டு’. 2026 ஏப்ரலிலிருந்து வரும் வருமானத்துக்கு வரி ஆண்டு 2026-27. ஆக, ஒரே ‘2026-27’ என்ற எண் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் வருமானத்தைக் குறிக்கிறது. ஜூலையில் பாக்கி வரியைக் கட்டுகிறவர் கட்ட வேண்டியது 1961 சட்டத்தின் கீழ் மதிப்பீட்டு ஆண்டு 2026-27-க்கு, சுயமதிப்பீட்டு வரி என்ற வகையில். அதே மாதத்தில் நடப்பு வருமானத்துக்கு முன்கூட்டிய வரி கட்டினால் அது 2025 சட்டத்தின் கீழ் வரி ஆண்டு 2026-27-க்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் பணம் அரசிடம் போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் கணக்கில் மட்டும் தெரியாது. ‘வரி கட்டவில்லை’ என்று வட்டியோடு கேட்பு வரும். அதைச் சரிசெய்யத் திருத்த மனு, காத்திருப்பு என்று மாதங்கள் ஓடும். சலானில் பணம் கட்டும் பொத்தானைத் தட்டுமுன் சட்டம், ஆண்டு, வகை மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள் என்பேன்.

தாக்கலை எப்போது தொடங்குவது? ஏப்ரலிலேயே அவசரப்படுவது நல்லதல்ல. நிறுவனங்களும் வங்கிகளும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான டி.டி.எஸ். கணக்கைக் கொடுக்க மே 31 வரை அவகாசம். படிவம் 16 (நிறுவனம் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்று) கைக்கு வர ஜூன் 15 ஆகும். அதற்கு முன் படிவம் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) பார்த்தால் கடைசிக் காலாண்டுப் பிடித்தம் இருக்காது. ஜூன் மூன்றாம் வாரம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை தோதான காலம்.

மூன்று ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: படிவம் 16, படிவம் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை. டி.டி.எஸ். தொகைக்கு 26ஏஎஸ்தான் ஆதாரம். வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, சொத்துப் பதிவு எல்லாம் ஏ.ஐ.எஸ்.-ஸில் இருக்கும். ஆனால் அதை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. கூட்டுக் கணக்கின் வட்டி முழுதும் முதல் பெயருக்காரர் தலையில் ஏறியிருக்கும். ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை பதிவாகியிருக்கும். ஃபண்டு வாங்கிய விலை காலியாக இருக்கும். தவறு தெரிந்தால் அந்த வரியிலேயே ‘இது எனதல்ல’, ‘இரட்டைப் பதிவு’ என்று பின்னூட்டம் கொடுத்துவிட்டு, சரியான தொகையைப் படிவத்தில் எழுத வேண்டும். பின்னூட்டமும் இல்லாமல் தொகையையும் குறைத்தால் கேள்வி நிச்சயம்.

வங்கி வட்டியில்தான் மூத்தவர்கள் அதிகம் இடறுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் மூத்த குடிமக்களுக்கு டி.டி.எஸ்.; மற்றவர்களுக்கு 50,000. பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று பொருளல்ல. நான்கு வங்கிகளில் தலா 90,000 வட்டி வந்தால் எங்குமே பிடிக்க மாட்டார்கள். ஆனால் 3,60,000 ரூபாயும் வருமானம்தான். போன ஆண்டு ரீஃபண்டோடு வந்த வட்டியும் வருமானம். அதைச் சேர்க்க மறக்காதவர்கள் அரிது.

ஆண்டு நடுவில் வேலை மாறியவர்களுக்குத் தனி எச்சரிக்கை. முதல் நிறுவனம் கணக்கு முடிக்கும்போது 7 லட்சம் சம்பளத்துக்கு வரி இல்லை என்று விட்டிருக்கும். இரண்டாவது நிறுவனமும் தான் கொடுத்த 7 லட்சத்தை மட்டும் பார்த்துப் பூஜ்யம் என்றிருக்கும். இருவருமே 75,000 கழித்து, இருவருமே தள்ளுபடியும் கொடுத்திருப்பார்கள். இரண்டு படிவம் 16-களையும் கூட்டினால் 14 லட்சம். ஒரே ஒரு 75,000 போக 13,25,000. வரி 78,750, செஸ் சேர்த்து 81,900. இதோடு முன்கூட்டிய வரி கட்டாததற்கு 234பி-யில் மாதம் 1 சதவீதம், தவணை தவறியதற்கு 234சி வட்டி. ஜூலையில் கட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 7,400 ரூபாய். சேரும்போதே பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் புதிய நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் மாதாமாதம் பிடித்திருப்பார்கள், இந்த வட்டி வந்திருக்காது.

நிலமோ வீடோ விற்றவர்களுக்கு 2024 ஜூலை 23 முக்கியமான நாள். அதற்கு முன் வாங்கியதை இப்போது விற்றால், பணவீக்கக் குறியீடு (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கேற்ப உயர்த்திக் கணக்கிடுவது) போடாமல் 12.5 சதவீதம், குறியீடு போட்டு 20 சதவீதம், இரண்டில் குறைவான வரியைக் கட்டலாம். 2005-06-இல் 10 லட்சத்துக்கு வாங்கிய மனை 2025-26-இல் 60 லட்சத்துக்குப் போனது என்று கொள்வோம். குறியீடு இல்லாமல் ஆதாயம் 50 லட்சம், வரி 6,25,000. குறியீடு 117-லிருந்து 376 ஆகியிருக்கிறது. அதன்படி வாங்கிய விலை 32,13,675, ஆதாயம் 27,86,325, வரி 5,57,265. இரண்டாவது வழியில் 67,735 ரூபாய் மிச்சம். விலை மளமளவென்று ஏறிய இடங்களில் முதல் வழியே குறைவாக வரும்; இரண்டையும் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். இந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். சொத்தும் நிலம், கட்டடம் மட்டும். நகைக்குக் கிடையாது. குறியீடு போட்டால் நஷ்டம் வருகிறது என்றால் வரி பூஜ்யமாகுமே தவிர, அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

எந்தப் படிவம் என்பதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பங்கின் நீண்டகால ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் ஐ.டி.ஆர்.-1 (எளிய கணக்குப் படிவம்) போதும். குறுகியகால ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும், விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினாலும் ஐ.டி.ஆர்.-2. பங்குச் சந்தையில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர ஒப்பந்தங்களில் ஆடியவர்களுக்கு அது மூலதன ஆதாயம் அல்ல, தொழில் வருமானம், ஐ.டி.ஆர்.-3. நஷ்டம்தானே வந்தது என்று விட்டால் அதை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் போய்விடும். அதற்குக் கெடுவுக்குள் தாக்கல் வேண்டும். தவறான படிவத்தில் போட்டால் ‘குறைபாடுள்ள கணக்கு’ என்று 139(9) நோட்டீஸ் வரும். 15 நாளில் சரிசெய்ய வேண்டும்.

தாக்கல் செய்ததோடு வேலை முடிவதில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. வழியாகவோ நெட் பேங்கிங் வழியாகவோ சரிபார்க்க வேண்டும், அல்லது ஒப்பமிட்ட ஐ.டி.ஆர்.-வி தாளைப் பெங்களூருவுக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். 30 நாள் கடந்தபின் சரிபார்த்தால், சரிபார்த்த நாள்தான் தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஜூலை 20-இல் தாக்கல் செய்து, செப்டம்பரில் சரிபார்த்தவர் தாமதக்காரர் ஆகிவிடுகிறார். பழைய முறை கேட்டிருந்தால் அதுவும் போச்சு. ரீஃபண்ட் வர வேண்டியவர்கள் வங்கிக் கணக்கு பான் எண்ணோடு ஒத்துப்போய் இணையதளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரில் தலைப்பெழுத்து முன்னுக்குப் பின் மாறியிருப்பது நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. பானில் அப்பா பெயர் விரிவாகவும் வங்கியில் முதலெழுத்தாகவும் இருந்து பணம் திரும்பிப் போவது உண்டு. பானும் ஆதாரும் இணையாமல் பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது.

ஜூலை 31 தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு கொடுக்கலாம். அதையும் விட்டவர்களுக்குப் புதுப்பித்த கணக்கு என்ற வழி இருக்கிறது. அதன் அவகாசம் 2025-இல் 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீட்டப்பட்டது. விலை அதிகம்: வரி, வட்டியின் மேல் முதல் ஆண்டில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். இதில் ரீஃபண்ட் கேட்க முடியாது, வரியைக் குறைக்கவும் முடியாது. விட்டுப்போன வருமானத்தைச் சேர்க்க மட்டும்தான் உதவும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூலை முதல் வாரத்தில் முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, ‘மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்பது போன ஆண்டு வருமானம், வரி ஆண்டு 2026-27 என்பது இந்த ஆண்டு வருமானம்’ என்ற இரண்டு வரியைப் போடுங்கள். பக்கத்திலேயே, வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம் என்பதையும், 12 லட்சம் பற்றிய தலைப்பு எந்த அளவு எழுத்தில் வந்ததோ அதே அளவில்.

இப்படிக்கு,
வரி ஆலோசகரான ஒரு வாசகர்